அமெரிக்க விடுதலைப் போரை முடித்துவைத்தது தரையா, கடலா?

கேள்வி இதுதான்: 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் தரையிலும் கடலிலும் நடந்த முக்கியமான சண்டைகள் எவை? அவற்றில் எது போரின் முடிவைத் தீர்மானித்தது?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தரையில் டிரென்டன், சாரடோகா, கவ்பென்ஸ், யார்க்டவுன் ஆகிய நான்கையும் விடவே முடியாது. நீரில் வால்கூர் தீவு, செசபீக் விரிகுடா இரண்டும் அதே அளவு முக்கியம். ஒன்றை மட்டும் சொல் என்றால் செசபீக் என்பேன். 1781 செப்டம்பர் 5 அன்று அந்த விரிகுடாவின் வாயில் இரண்டரை மணி நேரம்கூட நீடிக்காத ஒரு சண்டை நடந்தது. அமெரிக்கர்களுக்குச் சொந்தமான கப்பல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் அமெரிக்கா விடுதலை பெற்றது அன்று மாலைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

பின்னணியை இரண்டு வரியில் பார்த்துவிடலாம். 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போர் பிரிட்டனைப் பெரும் கடனில் தள்ளியது. அந்தக் கடனின் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் வரியாகப் போட்டார்கள். நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஓர் இடமும் இல்லாதபோது எங்கள்மேல் வரி போட நீங்கள் யார் என்று 13 குடியேற்றங்களும் கேட்டன. பத்தாண்டுக்கு மேல் வாக்குவாதமாக இருந்தது, 1775 ஏப்ரல் 19 அன்று துப்பாக்கிச் சூடாக மாறியது.

முதல் நாள் இரவே, கான்கார்ட் என்ற ஊரில் பதுக்கிவைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்றப் பாஸ்டனிலிருந்து சுமார் 700 பிரிட்டிஷ் வீரர்கள் கிளம்பினார்கள். விடியும் நேரத்தில், வழியிலுள்ள லெக்சிங்டன் ஊர்ப் பொதுத்திடலில் எழுபது எண்பது பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். எல்லாரும் உள்ளூர் விவசாயிகள், தொழிலாளிகள். எட்டுப் பேர் அங்கேயே செத்தார்கள். கான்கார்டுக்குப் போன படை திரும்பி வரும் வழி நெடுக, கல்சுவர்களுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து சுட்டுக்கொண்டே வந்தார்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். அன்று பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் மொத்தம் 273 பேர். இரவுக்குள் பாஸ்டன் முற்றுகைக்குள் வந்துவிட்டது.

ஜூன் 17 அன்று நடந்ததைப் பங்கர் ஹில் சண்டை என்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலுள்ள பிரீட்ஸ் ஹில் என்ற சிறு குன்றில்தான் நடந்தது. ஒரே இரவில் மண்ணை வெட்டி அரண் எழுப்பிக் காத்திருந்தார்கள் அமெரிக்கர்கள். பிரிட்டிஷ் படை மூன்று முறை ஏறியது. இரண்டு முறை விரட்டப்பட்டது. மூன்றாம் முறை அமெரிக்கர்களிடம் மருந்தும் குண்டும் தீர்ந்துவிட்டதால் குன்று பிடிபட்டது. பிடித்தவர்களின் இழப்பு ஆயிரத்துக்கு மேல், இழந்தவர்களின் இழப்பு நானூற்றைம்பது அளவில். படையை நடத்திய வில்லியம் ஹௌ அதற்கப்புறம் மண்ணரணுக்கு நேராகப் படையை அனுப்பவே தயங்கினார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு நடந்ததைப் பார்த்தால் எனக்கும் அது சரி என்றே படுகிறது.

பாஸ்டனை மீட்டது ஒரு புத்தகக் கடைக்காரர். ஹென்றி நாக்ஸ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர். பீரங்கிப் பயிற்சி முழுவதையும் புத்தகம் படித்தே கற்றவர். வடக்கே டைகொண்டெரோகா கோட்டையில் பிடிபட்டிருந்த 59 பீரங்கிகளை, உறைந்த ஆறுகளின் மேலும் மலைப்பாதையிலும் மாடு பூட்டிய சறுக்குவண்டிகளில் ஏற்றி, ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நடுக்குளிர்காலத்தில் இழுத்து வந்தார். 1776 மார்ச் 4 இரவு அவற்றில் பலவற்றை டார்செஸ்டர் மேட்டில் ஏற்றினார்கள். சத்தம் வராமல் இருக்க வண்டிச் சக்கரங்களில் வைக்கோல் சுற்றினார்கள். தரை உறைந்து மண்வெட்டி இறங்காததால் வைக்கோல் கட்டுகளையும் சுள்ளிக் கட்டுகளையும் அடுக்கி அரண் ஆக்கினார்கள். காலையில் பார்த்தால் துறைமுகம் முழுக்க அந்தப் பீரங்கிகளின் வீச்சுக்குள் இருந்தது. கப்பல்கள் நிற்க முடியாத ஊரில் படை இருக்க முடியாது. மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை கப்பலேறிப் போய்விட்டது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஊரைப் பிடித்ததால் வந்த வெற்றி அல்ல இது, துறைமுகத்தை அடைத்ததால் வந்த வெற்றி. இந்தக் கணக்கு போர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

அதே ஆண்டு ஜூன் 28 அன்று தெற்கே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஒரு சண்டை. பனையோலை மணத்தில் வளர்ந்த நமக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். துறைமுக வாயிலில் சல்லிவன் தீவில் பாதி கட்டிய கோட்டை ஒன்று இருந்தது. கல் இல்லை, செங்கல் இல்லை. அந்தக் கரையில் நிறைய வளரும் பால்மெட்டோ என்ற பனைவகை மரத்தை வெட்டி, இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் மணலைக் கொட்டி எழுப்பிய சுவர். பிரிட்டிஷ் தளபதி பீட்டர் பார்க்கரின் போர்க்கப்பல்கள் நாள் முழுக்கச் சுட்டன. வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் சிம்பு சிம்பாகத் தெறித்து ஆட்களைக் குத்தியிருக்கும். பால்மெட்டோவின் உள்ளே நாரும் சோறும்தான், குண்டு அதற்குள் போய் அப்படியே புதைந்துகொண்டது. பிரிட்டிஷ் கப்பல் ஒன்று மணல்திட்டில் தட்டி நின்றுவிட, மறுநாள் அதை அவர்களே கொளுத்தினார்கள். இன்றும் தென் கரோலினா மாநிலக் கொடியில் அந்த மரம் நிற்கிறது.

விடுதலைப் பிரகடனம் ஜூலை 4 அன்று வந்தது. அப்போதே நியூயார்க் துறைமுகத்தில் பிரிட்டிஷ் பாய்மரங்கள் காடுபோல் சேர ஆரம்பித்துவிட்டன. ஆகஸ்டுக்குள் நானூறுக்கு மேற்பட்ட கப்பல்கள், முப்பதாயிரத்துக்கும் மேல் வீரர்கள். ஆகஸ்ட் 27 அன்று லாங் ஐலண்டில் ஹௌ நேராக மோதவில்லை. காவல் ஏறக்குறைய இல்லாத ஜமைக்கா கணவாய் வழியாக இரவோடு இரவாகச் சுற்றி வந்து முதுகில் அடித்தார். அமெரிக்கத் தலைமைத் தளபதி வாஷிங்டனின் படை புரூக்ளினில் ஆற்றை முதுகுக்கு வைத்து மாட்டிக்கொண்டது. ஆற்றுக்குள் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்திருந்தால் அன்றே போர் முடிந்திருக்கும். காற்று எதிராக இருந்ததால் வர முடியவில்லை. ஆகஸ்ட் 29 இரவு, மார்பிள்ஹெட் ஊரின் மீனவர்கள், மாலுமிகள் அடங்கிய ஜான் குளோவரின் படைப்பிரிவு துடுப்பைப் பிடித்தது. விடியும்வரை போவதும் வருவதுமாக ஏறக்குறைய 9,000 பேரை அக்கரை சேர்த்தார்கள். விடிந்தபோது இன்னும் சிலர் இக்கரையில். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. கடைசிப் படகில் வாஷிங்டன் ஏறினார்.

அமெரிக்க வரலாற்றில் தளபதிகளின் பெயர்களே நிறைய. என் கணக்கில் அந்தத் துடுப்புக்காரர்கள் எந்தத் தளபதிக்கும் குறைந்தவர்கள் அல்ல. நான்கு மாதம் கழித்து டெலாவேர் ஆற்றில் மறுபடியும் அவர்கள்தான்.

டிசம்பர் 1776-இல் நிலைமை மிக மோசம். நியூயார்க் போய்விட்டது. படை சுருங்கிக்கொண்டே வந்தது. மீதி இருந்தவர்களில் பெரும்பாலோரின் ஒப்பந்தக் காலம் டிசம்பர் 31 அன்று முடிகிறது. அன்றோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு முன்னால் ஏதாவது செய்தால்தான் உண்டு என்ற நெருக்கடியில் வாஷிங்டன், கிறிஸ்துமஸ் இரவு 2,400 பேரோடு பனிப்பாளங்கள் மிதந்து வந்த டெலாவேர் ஆற்றைக் கடந்தார். இரும்புத் தாது ஏற்றும் டர்ஹம் படகுகளில் ஆட்கள், அகலமான தட்டைப் படகுகளில் 18 பீரங்கிகளும் குதிரைகளும். வேறு இரண்டு இடத்தில் கடக்க வேண்டிய படைகள் கடக்கவே இல்லை. இவர்கள் கடந்து, ஆலங்கட்டியும் பனியும் அடிக்க 14 கிலோமீட்டர் நடந்து, 26-ஆம் தேதி காலை டிரென்டனில் இருந்த ஹெஸ்ஸியர்கள்மேல் விழுந்தார்கள். ஹெஸ்ஸியர்கள் பிரிட்டன் கூலிக்கு எடுத்திருந்த ஜெர்மன் வீரர்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய 900 பேர் பிடிபட்டார்கள், அவர்களின் தளபதி ரால் குண்டடிபட்டு இறந்தார். ஜனவரி 3 அன்று பிரின்ஸ்டனில் இன்னொரு வெற்றி. ஆள் எண்ணிக்கையில் இவை சின்னச் சண்டைகள்தான். இவை நடக்காமல் போயிருந்தால் 1777 என்ற ஆண்டில் சண்டை போடப் படையே இருந்திருக்காது.

இனி வால்கூர் தீவு. பலருக்குத் தெரியாத சண்டை, ஆனால் என் பட்டியலில் மேலே இருக்கும். கனடாவிலிருந்து நியூயார்க்குக்கு வர அந்தக் காலத்தில் ஒரே நல்ல வழி சாம்ப்ளேன் ஏரி. 1776-இல் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டு பச்சை மரத்தை அறுத்து அவசர அவசரமாகப் படகுகள் கட்டினார். மொத்தம் 15 கலங்கள். அதைப் பார்த்து பிரிட்டிஷ் ஆளுநர் கை கார்ல்டனும் நின்று ஒரு கப்பற்படை கட்ட வேண்டியதாயிற்று. அக்டோபர் 11 அன்று சண்டை, ஆர்னால்டு முழுத் தோல்வி, அடுத்த இரண்டு நாளில் கலங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் அதற்குள் பனிக்காலம் நெருங்கிவிட்டது. கார்ல்டன் கனடாவுக்குத் திரும்பினார். ஆர்னால்டு தோற்று வாங்கியது ஒரு முழு ஆண்டு. அன்று மூழ்கிய ‘பிலடெல்ஃபியா’ என்ற பீரங்கிப் படகை 1935-இல் ஏரிக்குள்ளிருந்து எடுத்தார்கள். மூழ்கடித்த குண்டு ஒன்றோடு இன்று வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஓர் ஆண்டுதான் சாரடோகாவாக விளைந்தது. 1777-இல் கனடாவிலிருந்து பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் பெரும் படையோடு தெற்கே இறங்கினார். தெற்கிலிருந்து ஹௌ வந்து சேர்ந்துகொள்வார் என்று நம்பினார். ஹௌவோ கடல்வழியாகப் பிலடெல்ஃபியாவைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் அதைப் பிடிக்கவும் செய்தார், ஆனால் பர்கோய்ன் காட்டுக்குள் தனியாக மாட்டினார். அமெரிக்கர்கள் மரங்களைக் குறுக்கே வெட்டிச் சாய்த்து, ஓடைகளைத் திருப்பிவிட்டு வழியை அடைத்ததால், சுமார் 37 கிலோமீட்டர் கடக்கவே அவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பெமிஸ் மேட்டில் போலந்துப் பொறியாளர் கோஸ்சியுஸ்கோ போட்ட அரண்கள் அவரை எதிர்கொண்டன. செப்டம்பர் 19, அக்டோபர் 7 என்று இரண்டு சண்டை. இரண்டாவதில் ஆர்னால்டு குதிரையில் முன்னால் பாய்ந்து காலில் குண்டுபட்டு விழுந்தார். அக்டோபர் 17 அன்று பர்கோய்ன் 5,800 பேர் அளவிலான படையோடு சரணடைந்தார்.

சாரடோகாவில் இன்று ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதில் செதுக்கியிருப்பது ஒரு பூட்ஸ். பெயர் இல்லை. 1780-இல் வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பிரிட்டனுக்கு விற்கப் பார்த்துத் துரோகியான ஆர்னால்டின் கால் அது. வால்கூரிலும் சாரடோகாவிலும் அவர் செய்ததை மறைக்கவும் முடியாமல், பெயரைச் சொல்லவும் மனம் வராமல் வைத்த கல்.

சாரடோகாவின் உண்மையான பலன் பாரிஸில் கிடைத்தது. 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்ஸ் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்தது. 1779-இல் ஸ்பெயினும் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியது, 1780 முடிவில் டச்சுக்காரர்களும் போருக்குள் இழுக்கப்பட்டார்கள். அதோடு இது 13 குடியேற்றங்களின் கலகம் என்ற நிலை போய், கரீபியன் தீவுகள், ஜிப்ரால்டர், வங்கக் கடல் என்று பரவிய உலகப் போர் ஆகிவிட்டது. பிரிட்டன் தன் கப்பல்களைப் பிரித்துப் பிரித்து அனுப்ப வேண்டிவந்தது. எந்தக் கடலிலும் போதுமான கப்பல் இல்லை என்ற நிலைமை அங்கேதான் தொடங்கியது.

அமெரிக்கர்களின் சொந்தக் கடற்படை சின்னது. அவர்கள் பெரிதும் நம்பியது, எதிரியின் சரக்குக் கப்பலைப் பிடிக்க அரசு அனுமதிச் சீட்டு வாங்கிய தனியார் கப்பல்களை. அவை பிரிட்டிஷ் வணிகர்களின் பையில் கைவைத்தன, காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றின. ஆனால் பெயர் வாங்கிய சண்டை ஜான் பால் ஜோன்ஸுடையது. 1779 செப்டம்பர் 23 மாலை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஃபிளாம்பரோ முனைக்கு அப்பால். ஜோன்ஸின் ‘போனோம் ரிச்சர்ட்’ பிரெஞ்சுக் கிழக்கிந்திய வணிகத்துக்கு ஓடிய பழைய சரக்குக் கப்பல். எதிரில் ‘செராபிஸ்’, புத்தம் புதிய போர்க்கப்பல். முதல் சுற்றிலேயே ஜோன்ஸின் கீழ்த்தட்டுப் பெரிய பீரங்கிகளில் இரண்டு வெடித்துச் சொந்த ஆட்களையே கொன்றன. தூர நின்று சுட்டால் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் செராபிஸோடு உரசிப்போய் இரண்டையும் கயிற்றால் கட்டிவிட்டார். பீரங்கி வாய் மற்றக் கப்பலின் பலகையை இடிக்கும் நெருக்கம். நிலா வெளிச்சத்தில் கரையோரக் குன்றுகளில் மக்கள் கூடி நின்று பார்த்தார்கள். ஜோன்ஸின் ஆட்களில் ஒருவர் பாய்மரக் கட்டை வழியாக எதிரிக் கப்பலின் மேலே ஊர்ந்து போய் ஒரு கைக்குண்டைக் கீழ்த்தட்டு வாய்க்குள் போட்டார். அங்கே குவிந்துகிடந்த வெடிமருந்துப் பொதிகள் வரிசையாகப் பற்றிக்கொண்டன. மூன்று மணி நேரத்துக்கு மேல் போன பிறகு செராபிஸ் தளபதி பியர்சன் தன் கொடியைத் தானே இறக்கினார்.

வென்ற கப்பல் இரண்டு நாளில் மூழ்கிவிட்டது. ஜோன்ஸ் தோற்ற கப்பலில் ஏறித்தான் டச்சுக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். பியர்சன் காவல் காத்து வந்த பால்டிக் சரக்குக் கப்பல்களோ தப்பிவிட்டன. அதற்காக அவருக்கு இங்கிலாந்தில் சர் பட்டம் கிடைத்தது. ஆகவே போரின் போக்கை மாற்றிய சண்டை என்று இதைச் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு உண்டான அதிர்ச்சி, அமெரிக்காவில் எழுந்த தெம்பு, அவை வேறு கணக்கு.

சரி, தெற்குக்கு வருவோம். வடக்கில் இழுபறி ஆனதும் பிரிட்டன் தெற்கைப் பிடிக்கப் பார்த்தது. 1780 மே 12 அன்று சார்ல்ஸ்டன் விழுந்தது. ஐயாயிரம் பேர் அளவில் சரணடைந்தார்கள். இந்தப் போரில் அமெரிக்கர்கள் பட்ட மிகப் பெரிய அடி அது. ஆகஸ்டில் கேம்டனில் இன்னொரு படுதோல்வி. அப்புறம் உள்ளூர்க்காரர்கள் எழுந்தார்கள். அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மலையில் மோதிய இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய எல்லாரும் அமெரிக்கர்களே. அரசர் பக்கம் நின்றவர்களின் தளபதி ஃபெர்குசன் மட்டும் ஸ்காட்லாந்துக்காரர். விடுதலைப் போர் என்று நாம் சொல்வது தெற்கில் பங்காளிச் சண்டையாகவே நடந்தது.

1781 ஜனவரி 17 அன்று கவ்பென்ஸில் அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கன் நடத்தியது எனக்கு மிகவும் பிடித்த தரைச் சண்டை. ஊர்க்காவல் படையினர் முறையான படைக்கு முன்னால் நெடுநேரம் நிற்க மாட்டார்கள் என்று எல்லாத் தளபதிகளும் அவர்களைக் குறைசொன்னார்கள். மார்கன் அந்தப் பலவீனத்தையே திட்டமாக்கினார். முதல் நாள் இரவு தீ மூட்டி உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒவ்வொரு கூட்டமாகப் போய், இரண்டே முறை சுடுங்கள், அப்புறம் பின்னால் போய்விடுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை என்றார். காலையில் அவர்கள் அப்படியே சுட்டுவிட்டு விலகினார்கள். ஓடுகிறார்கள் என்று நினைத்து பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் படை கட்டுக்குலைந்து துரத்தியது. மேட்டுக்குப் பின்னால் நின்ற முறையான வீரர்கள் திரும்பிச் சுட்டார்கள், இரு பக்கத்திலும் குதிரைப்படையும் ஊர்க்காவல் படையும் சுற்றி வளைத்தன. டார்ல்டனின் 1,100 பேரில் 110 பேர் செத்தார்கள், எழுநூறு பேருக்கு மேல் பிடிபட்டார்கள். தன் ஆட்களை உள்ளபடியே தெரிந்துவைத்திருந்த ஒருவரின் வெற்றி இது.

தெற்கில் பிரிட்டிஷ் படையை நடத்திய காரன்வாலிஸ் கோபத்தில் தன் சாமான் வண்டிகளையே கொளுத்திவிட்டுத் துரத்தினார். மார்ச் 15 அன்று கில்ஃபர்டு கோர்ட்ஹவுஸில் அமெரிக்கத் தளபதி நத்தானியல் கிரீனைத் தோற்கடிக்கவும் செய்தார். ஆனால் படையில் கால்பங்கு போய்விட்டது. ஆள், உணவு, காலணி எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். ஆகவே கடலை நோக்கி நகர்ந்தார், வர்ஜீனியாவில் செசபீக் விரிகுடாவை ஒட்டிய யார்க்டவுனில் போய் அரண் கட்டினார். முதுகில் தண்ணீர் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கப்பல் வந்து தூக்கிக்கொள்ளும் என்பது பிரிட்டிஷ் தளபதிகளின் நம்பிக்கை. ஆறு ஆண்டாக அது பொய்க்கவில்லை.

ஆகஸ்ட் 14 அன்று வாஷிங்டனுக்குச் செய்தி வந்தது: பிரெஞ்சுத் தளபதி டி கிராஸ் கரீபியனிலிருந்து செசபீக்குக்கு வருகிறார், அக்டோபர் நடுவரை மட்டும் இருப்பார். வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் நியூயார்க்குக்கு வெளியே இருந்தார்கள். நியூயார்க்கைத் தாக்கப் போவதுபோல் காட்ட நியூஜெர்சியில் ரொட்டி அடுப்புகளைக்கூடக் கட்டினார்கள். அப்புறம் சத்தமில்லாமல் தெற்கே கிளம்பினார்கள். டி கிராஸ் 28 பெரிய போர்க்கப்பல்கள், மூவாயிரத்துக்கு மேல் வீரர்கள், ஹவானாவில் திரட்டிய வெள்ளிப் பணம் எல்லாவற்றோடும் ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் 5 காலை கிரேவ்ஸ் தலைமையில் 19 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் விரிகுடா வாயில் தெரிந்தன. பிரெஞ்சு மாலுமிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அப்போது படகுகளில், கரையில் வேலையாக இருந்தார்கள். அவர்களுக்காகக் காத்திருக்க நேரம் இல்லை. நங்கூரக் கயிறுகளை அறுத்துவிட்டு 24 கப்பல்கள் தாறுமாறாக வெளியே வந்தன. காற்று கிரேவ்ஸுக்குச் சாதகம். ஒவ்வொன்றாக வெளியே வந்தவற்றின்மேல் அப்போதே விழுந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அவர் தன் வரிசையைத் திருப்பி ஒழுங்குசெய்வதில் நேரத்தைக் கழித்தார். மாலை நான்கு மணிக்கு மேல்தான் சுடத் தொடங்கினார்கள். அப்போதும் அவர் கப்பலில் இரண்டு கொடிகள் சேர்ந்து பறந்தன. ஒன்று வரிசை கலையாமல் வா என்றது, மற்றொன்று நெருங்கிப் போய்த் தாக்கு என்றது. பின்பிரிவின் தளபதி ஹூட் வரிசைக் கொடியைப் பின்பற்றினார், அவருடைய பிரிவு ஏறக்குறைய சுடவே இல்லை. இருட்டியதும் சண்டை நின்றது. எந்தக் கப்பலும் அன்று மூழ்கவில்லை. ஆனால் அடுத்த சில நாட்கள் இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி தெற்கே நகர்ந்துபோக, நியூபோர்ட்டிலிருந்து இன்னொரு பிரெஞ்சுத் தளபதி பார்ரா முற்றுகைப் பீரங்கிகளோடு விரிகுடாவுக்குள் நுழைந்துவிட்டார். டி கிராஸ் திரும்பி வந்து சேர்ந்தபோது உள்ளே 36 பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள். கிரேவ்ஸ் நியூயார்க்குக்குப் போனார். யார்க்டவுனின் பின்கதவு அடைபட்டுவிட்டது.

மீதி எல்லாம் முற்றுகைக் கணக்கு. அக்டோபர் 9 அன்று பீரங்கிகள் பேச ஆரம்பித்தன. 14 இரவு, குண்டு போடாத துப்பாக்கியின் முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு இருட்டில் ஊர்ந்துபோய், ஒரு கொத்தளத்தை அலெக்சாண்டர் ஹாமில்டனின் ஆட்களும் மற்றொன்றைப் பிரெஞ்சுக்காரர்களும் பிடித்தார்கள். 16 இரவு காரன்வாலிஸ் படகில் அக்கரைக்குத் தப்பப் பார்த்தார். புரூக்ளினில் வாஷிங்டனுக்குக் கைகொடுத்த வானிலை இங்கே இவரைக் கைவிட்டது, புயல் படகுகளைச் சிதறடித்தது. 19 அன்று ஏழாயிரத்துக்கு மேற்பட்ட படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. காரன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று வெளியே வரவில்லை, துணைத்தளபதியிடம் வாளைக் கொடுத்தனுப்பினார். அதே நாள்தான் நியூயார்க்கிலிருந்து அவரை மீட்கும் கப்பல்கள் கிளம்பின.

சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு பெரிய வெண்பளிங்குச் சிலையைப் பார்க்கலாம். இதே காரன்வாலிஸ்தான். யார்க்டவுனுக்கு ஐந்து ஆண்டு கழித்து, 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். 1792-இல் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார். சிலையின் பீடத்தில் செதுக்கியிருப்பது அந்தக் காட்சிதான். நான் அதன் முன்னால் நின்றபோதெல்லாம் யார்க்டவுன்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

யார்க்டவுனோடு போர் முடிந்தது என்றே பெரும்பாலான புத்தகங்கள் நிறுத்திவிடும். அமெரிக்க மண்ணில் பெரிய சண்டை முடிந்தது, அவ்வளவுதான். 1782 ஏப்ரல் 12 அன்று கரீபியனில் செயின்ட்ஸ் தீவுகளுக்கு அருகே பிரிட்டிஷ் தளபதி ராட்னியிடம் டி கிராஸ் தோற்றுச் சிறைப்பட்டார். அதே ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படி நம் கடலுக்கு வந்தது? பிரான்ஸ் போரில் இறங்கியதுமே 1778-இல் பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்தார்கள், 1779-இல் மாஹேயையும். மாஹே வழியாகத்தான் ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஏற்கெனவே இருந்த பகையோடு அதுவும் சேர்ந்து, 1780-இல் கர்நாடகச் சமவெளியில் (இன்றைய வட தமிழ்நாட்டுப் பகுதி) இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பிரிட்டிஷ் தளபதி பெய்லியின் படையை அழித்தார். இந்தச் செய்தி அமெரிக்காவரை போனது. 1782-இல் பென்சில்வேனியா மாநிலம் ஆயுதம் ஏற்றிய ஒரு கப்பலின் பெயர் ‘ஹைடர் அலி’. ஏப்ரல் 8 அன்று டெலாவேர் விரிகுடாவில் தன்னைவிட வலுவான ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை அது பிடித்தது.

சுஃப்ரெனும் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். 1782-இல் சதுரங்கப்பட்டினம் (பிப்ரவரி 17), பிராவிடியன் பாறை (ஏப்ரல் 12), நாகப்பட்டினம் (ஜூலை 6), திருகோணமலை (செப்டம்பர் 3). ஐந்தாவது 1783 ஜூன் 20, கடலூர். ஒன்றில்கூட எந்தப் பக்கமும் ஒரு பெரிய கப்பலை இழக்கவில்லை. நாகப்பட்டினத்தில் மதிய நேரம் கடற்காற்று திடீரென்று மாறி அடித்து இரண்டு வரிசைகளையும் கலைத்துப் போட்டது. நம் கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு அது தினசரி அனுபவம், ஐரோப்பியத் தளபதிகளுக்கு அன்று அதிர்ச்சி. இந்தக் கடலில் உண்மையான எஜமான் பருவக்காற்றுதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் சென்னையிலோ கடலூரிலோ திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க முடியாது. இந்தக் கரை முழுக்கப் பாதுகாப்பான இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான். அதனால்தான் 1782 ஜனவரியில் ஹியூஸ் அதை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார், ஆகஸ்டில் சுஃப்ரென் அவரிடமிருந்து பிடித்தார்.

1783 ஜூனில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, உள்ளே முதிய பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. வெளியே ஸ்டூவர்ட்டின் பிரிட்டிஷ் படை. ஜூன் 13 அன்று ஊருக்கு வெளியே நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஆயிரம் பேர் அளவில் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். அதில் நம் சிப்பாய்கள் எத்தனையோ பேர். கடலில் சுஃப்ரெனிடம் 15 போர்க்கப்பல்கள், ஹியூஸிடம் 18. பீரங்கியை இயக்க ஆள் போதாமல் சுஃப்ரென் புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடன் வாங்கினார். ஜூன் 20 மாலை சுட்டுக்கொண்டார்கள். ஹியூஸின் மாலுமிகளில் பெரும் பகுதி, காய்கனி கிடைக்காமல் வரும் ஸ்கர்வி நோயில் படுத்திருந்தார்கள், குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் சென்னைக்கு விலகினார். சுஃப்ரென் கடன் வாங்கியவர்களோடு தன் மாலுமிகளிலும் 2,400 பேரைக் கரையிறக்கினார். ஜூன் 25 அன்று கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறித் தாக்கினார்கள், தோற்றுத் திரும்பினார்கள்.

ஜூன் 29 அன்று சென்னையிலிருந்து வெள்ளைக்கொடியோடு ‘மீடியா’ என்ற கப்பல் வந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் சமாதான முன்னொப்பந்தத்தில் ஜனவரி 20 அன்றே கையெழுத்துப் போட்டுவிட்ட செய்தி அதில் இருந்தது. அமெரிக்காவோடு அதற்கும் முன்பே, 1782 நவம்பர் 30 அன்று. செய்தி இங்கே வந்துசேர ஐந்து மாதம் பிடித்துவிட்டது. ஜூலை 2 அன்று கடலூரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. லெக்சிங்டன் திடலில் தொடங்கிய போரின் கடைசிப் பெரிய சண்டையில் செத்தவர்களைப் புதைத்து முடித்தபோது, அந்தப் போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.